சிவப்பு நூல் கட்டிய வயர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சளி காய்ச்சல் அண்டாமல் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாரம் இரண்டு தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ யோசிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில், அந்த ரைஸ் குக்கரின் சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, இனிமேல் அதைத் தொடாதே என்று நான் சத்தம் போட்டேன் அல்லவா. என்னப்பா ஆச்சு உங்களுக்கு, ஆறு வருஷமா நல்லாத்தானே வேலை செய்யுது என்று நீ சிரித்தாய். அப்புறம் சொல்கிறேன் என்று போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்து என்றால் நடுவில் நீயும் சிரிக்க முடியாது, நானும் பாதியில் எழுந்து போக முடியாது. அம்மாதான் இந்தக் காகிதக் கத்தையை எடுத்துக் கொடுத்து, நீங்களே எழுதிடுங்க, நான் சொன்னா உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிடுவேன் என்றாள்.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நம் சமையலறை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? ஜன்னலுக்குக் கீழே தொட்டி, அதை ஒட்டி இரும்பு ஸ்டாண்டு, அதன் மேல் தட்டில் ஓவன், கீழ்த் தட்டில் மிக்ஸி, அதற்கும் கீழே நீ ஒளிந்துகொள்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தால் அன்றைக்கு அம்மாவுக்குச் சமையலறைக்குள் பாதி இடம்தான். தெருவில் பாதி வீடுகளின் மிக்ஸி, டோஸ்டர், கெட்டில் எல்லாம் அந்தச் செய்தித்தாளில் வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க வீடு வீடாகப் போகிறவன் நான், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர். மீட்டரைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால், சார், மிக்ஸி சுத்த மாட்டேங்குது, ஒரு கை பாருங்களேன் என்பார்கள். ஒரு டீ கொடுத்தால் போதும், அதுதான் என் கூலி. மீட்டர் சார் கை வெச்சா ஓடாதது ஓடும் என்று ஒரு பெயர். அந்தப் பெயருக்காகவே நான் அத்தனை வீட்டுக் குழாயையும் சந்தோஷமாகக் குனிந்து பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நீ உடைந்த மூன்று பின் பிளக்குகளைக் கவிழ்த்து வைத்து உன் பொம்மைகளுக்கு முக்காலி போடுவாய். பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்து நான் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கும். சூடான வயரின் நாற்றமும் அம்மா வைக்கும் ரொட்டியின் வாசனையும் கலந்து வரும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பசிக்கிறது.

அந்த ஓவனை நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கினோம். வாங்கின மறு வருஷம் அதன் வயர் கருகியது. கடைக்குக் கொண்டுபோகச் சொன்னாள் அம்மா, நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன். உள்ளே மூன்று வயர் வந்தது, என் கையில் இருந்ததோ இரண்டு வயர்தான். இரண்டைச் சேர்த்தேன், ஓடியது. பச்சை வயரை வெட்டிவிட்டேன். அப்போது நான் ஒரு ஜோக் சொன்னேன், உனக்கும் மனப்பாடமாகத் தெரியும். பச்சை வயர் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, வந்தாலும் கல்யாணம் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும். அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் இந்த ஜோக்கைச் சொல்லிப் பச்சை வயரை வெட்டினேன் என்று எனக்கே கணக்கில்லை. சேர்த்த இடத்தில் டேப் பிரிந்து வரக்கூடாது என்று அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவேன். டேப் இல்லாத நாளில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். நூல் மட்டும் எப்போதும் சிவப்பு. பார்க்க அழகாக இருக்கும், கையெழுத்துப் போட்ட மாதிரி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நம் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பழைய மெயின் போர்டை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினார்கள். வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு அண்ணனும் தங்கையும். தங்கைதான் முதலாளி, முப்பத்தைந்து வயதிருக்கும், ஃபியூஸ் அக்கா என்று தெருவில் சொல்கிறார்கள். அண்ணன் ஏணியைப் பிடிப்பார், சுவரைத் துளைப்பார், வாயைத் திறக்கமாட்டார். புதுப் போர்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, எங்காவது கரண்டு கசிந்தால் அதுவே விழுந்து வீட்டையே அணைத்துவிடும். அவர்கள் மாட்டிவிட்டுப் போன அன்று மாலையே அம்மா ஓவனைப் போட்டாள், பட்டென்று விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. நாலு தடவை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, போன் பண்ணி உங்க புதுப் பெட்டி சரியில்லைம்மா, இருபத்தஞ்சு வருஷமா ஓடற ஓவன், நேத்து வந்த பெட்டிக்குப் பிடிக்கலையாம் என்று சொன்னேன். காலைல வர்றேன் சார், அதுவரைக்கும் ஓவனைத் தொடாதீங்க என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அவள் பெட்டியைப் பார்க்கவேயில்லை, நேராகச் சமையலறைக்குப் போனாள். ஓவனை இழுத்துத் தரையில் வைத்துப் பின் தகட்டைக் கழற்றினாள். நான் கதவில் சாய்ந்துகொண்டு, பெட்டியைப் பாரும்மா என்று இன்னொரு தடவை சொன்னேன். பெட்டி அதோட வேலையைச் செய்யுது சார், போன கரண்டு அதே வழியா திரும்பி வரணும், வர்றதுல கொஞ்சம் குறைஞ்சா வேற எங்கேயோ போகுதுன்னு அர்த்தம், இங்க ஓவன் உடம்புலேருந்து ஸ்டாண்டு வழியா ஈரச் சுவருக்குப் போகுது, நடுவுல ஆள் கை வெச்சா ஆள் வழியாவும் போகும் என்றாள். சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டு வயரை வெளியே இழுத்தாள். பிளாஸ்டர் காய்ந்து சருகாகி உதிர்ந்தது. உள்ளே செம்பு பல்லைக் காட்டியது. சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருந்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அண்ணே, இங்க வாயேன், மறுபடியும் அதே நூல் என்று கூப்பிட்டாள். அவர் வந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, இதை யாரு சார் ரிப்பேர் பண்ணது, இந்த சிவப்பு நூலை இதோட மூணாவது வீட்டுல பார்க்கறேன், பேக்கரி சந்துல டைலர் அம்மா மிக்ஸியில கை வெச்சுத் தூக்கி எறிஞ்சு அலமாரியில மண்டை இடிச்சு நாலு தையல், அதுக்குள்ளயும் இதே நூல், எர்த், அந்தப் பச்சை வயரை வெட்டிட்டு அழகா முடிச்சுப் போட்டிருக்கான் பாவி, அந்த ஆள் யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும் என்றாள்.

மகளே, நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில், சொந்தச் சமையலறையில், என் பெண் வயதுள்ள ஒருத்தி கேட்கிறாள், நான்தான் என்று ஒரு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா. முன்னாடி தெருமுனையில ஒருத்தன் கடை வெச்சிருந்தான், இப்ப இல்ல என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி களைய ஆரம்பித்தாள். அந்தப் பெண் மிக்ஸியையும் கெட்டிலையும் திறந்து பார்த்து, மூன்றையும் மூலையில் வைத்து, மேலே ஒரு அட்டையில் தொடாதே என்று பெரிதாக எழுதிவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு அம்மா தட்டு வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். உனக்கு எப்பவாவது ஷாக் அடிச்சிருக்கா என்று அம்மாவிடம் கேட்டேன். ஷாக்னு இல்ல, கை விறுவிறுன்னு இருக்கும் என்றாள். எங்கிட்ட சொல்லவேயில்லையே என்றேன். சொன்னேன், செருப்புப் போட்டுக்கோன்னீங்க, போட்டுக்கிட்டேன் என்றாள். அவ்வளவுதான், அதில் குத்தல்கூட இல்லை, குழம்பில் உப்பு சரியா என்று சொல்கிற குரல். அப்புறமும் விறுவிறுன்னு இருந்தா மறுபடி சொல்லியிருக்கலாம் இல்ல என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, ரிப்பேர் முடிச்சு சுவிட்சைப் போட்டு அது ஓடினதும் உங்க முகம் ஒண்ணு இருக்குமே, அதைப் பார்த்துக்கிட்டு எப்படிங்க சொல்றது என்றாள்.

அப்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. உனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கையைக் கழுவிவிட்டு ஓவன் கதவைத் திறக்கப் போனவள் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாய். அப்பா, ஓவன் கிள்ளுதுப்பா என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது வேகறதுக்குள்ள நீ ரொட்டியைத் திருடினா கிள்ளாம என்ன பண்ணும் என்றேன். அதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன், எங்க வீட்டு ஓவன் ஆளைக் கிள்ளும் என்று. உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், நீயும் வெட்கப்பட்டுச் சிரித்தாய். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நீ ஓவன் கதவை மரக்கரண்டியின் காம்பை மாட்டித்தான் திறப்பாய். அதையும் நான் விளையாட்டு என்றே நினைத்தேன். குழந்தை தானாக ஒரு வழி கண்டுபிடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது, தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறான். நீ சொன்னது நிஜம், பாப்பா. ஓவன் உன்னைக் கிள்ளத்தான் செய்தது. இதை உனக்குச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, மன்னித்துக்கொள் என்று கேட்பதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கு அவள் கடை வாசலில் போய் நின்றேன். அண்ணன் உள்ளே கேபிள் சுருளை எண்ணிக்கொண்டிருந்தார், அவள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். என்ன சார், மறுபடியும் விழுந்துச்சா என்று கேட்டாள். அந்த சிவப்பு நூல் ஆள் நான்தாம்மா என்றேன். வழியெல்லாம் நான் தயார் பண்ணிக்கொண்டு போன பேச்சு எத்தனையோ, வந்தது இது மட்டும்தான். பச்சை வயர் ஜோக்கையும் சொன்னேன், எதற்குச் சொன்னேனோ. அவள் ஷட்டரை முழுக்கத் தூக்கிக் கொக்கியை மாட்டிவிட்டு, அந்தத் தூரத்துச் சொந்தம்தான் சார் ஆபத்துன்னா முதல்ல ஓடி வர்றது, அதைத்தான் வாசல்லயே வெட்டி அனுப்பிட்டீங்க என்றாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். உள்ளே போய் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். திட்டறதுக்கு இப்ப நேரமில்ல, யார் யார் வீடு, என்னென்ன சாமான், ஞாபகம் இருக்கறவரைக்கும் எழுதுங்க என்றாள். அண்ணன் ஒரு ஸ்டூலை என் பின்னால் தள்ளினார். உட்கார்ந்து எழுதினேன். மீட்டர் படித்த வரிசையிலேயே வீடுகள் ஞாபகம் வந்தன, எந்த வீட்டில் குழாய் எந்தப் பக்கம் என்பதுகூட. பத்தொன்பது வீடு, முப்பத்தொரு சாமான்.

நான்கு நாள் அவர்களோடு நடந்தேன். முதல் வீடு டைலர் அம்மா வீடு, அங்கேதான் முதலில் போகவேண்டும் என்று நானே சொன்னேன். நெற்றிக்கு மேலே தழும்பு இன்னும் சிவந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவள் அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டாள். பிறகு, ஊருக்கெல்லாம் நான் தையல் போடறேன், எனக்கு ஒருத்தர் போட்டுட்டுப் போகட்டும்னு நினைச்சுக்கிட்டேன் சார் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்க பண்ணதுன்னு அன்னிக்கே தெரியும், உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் ஈரக் கைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் என்றாள். அம்மா சொன்னதையே இவளும் சொல்கிறாள். என்னிடம் எல்லாரும் இவ்வளவு அன்பாக இல்லாமல் ஒருத்தராவது முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது, பிறகு அப்படித் தோன்றியதற்கும் வெட்கமாக இருந்தது.

எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. உன் பழைய தலைமை ஆசிரியை மிக்ஸியைக் கொடுக்கவே மாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், பன்னிரண்டு வருஷமா ஓடுது, நீங்க ஏன் இப்ப வந்து குறை சொல்றீங்க, அதுவும் நீங்க பண்ணதையே என்று என்னைக் கேட்டாள். ஃபியூஸ் அக்கா டெஸ்டரை அதன் மேல் வைத்து விளக்கு எரிவதைக் காட்டின பிறகுதான் கையை எடுத்தாள். லாரி ஓட்டுகிறவர் வீட்டில் அவர் தெருவே கேட்கும்படி கத்தினார், என் பொண்டாட்டி பிள்ளைங்க என்ன உனக்கு எலிங்களா என்று. அது நியாயமான கேள்வி, நான் நின்று கேட்டுக்கொண்டேன். ஏணியைத் தோளில் வைத்திருந்த அண்ணன் அந்த நான்கு நாளில் பேசியது அப்போது மட்டும்தான், அவர் தானா வந்து சொல்றாருங்க, அதையும் கொஞ்சம் பாருங்க என்றார்.

மூன்றாம் நாள் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர் வீட்டுக்குப் போனோம். உனக்குத் தெரியும், கண் தெரியாதவர், நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது உன் செருப்புச் சத்தத்தை வைத்தே உன்னைக் கண்டுபிடிப்பார். மனைவி நர்ஸ், பகல் ஷிஃப்டுக்குப் போயிருந்தாள், அவர் தனியாக இருந்தார். மீட்டர் சார், இன்னும் ரெண்டு பேர் கூட வந்திருக்காங்க போல, உட்காருங்க, டீ போடறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டார். எலுமிச்சைப் பச்சைச் சுவர், அலமாரியில் ஒவ்வொரு டப்பாவும் அளந்து வைத்த மாதிரி. அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்து, சுவிட்சைப் போடக் கையை நீட்டினார். இன்னொரு உள்ளங்கை கெட்டிலை ஒட்டியே இருந்தது. எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு சூடு என்று அவர் உள்ளங்கையால்தான் பார்ப்பார். அது எஃகு கெட்டில். வயர் உள்ளே போகிற இடத்தில் சிவப்பு நூல், நீராவி பட்டுப் பட்டு வெளுத்து ரோஸாகியிருந்தது. ஃபியூஸ் அக்கா, சார் போடாதீங்க, கையை எடுங்க என்று கத்தினாள். அவர் அப்படியே நின்றார். அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைக் கவிழ்த்தாள். டேப் முழுக்க உரிந்து, ஒரு இழைச் செம்பு கெட்டிலின் அடித் தகட்டுக்கு ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது.

ரெண்டு நாளா கொஞ்சம் அதிருது சார், கொதிக்கும்போது அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் என்றார் அவர். நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, உங்க குரல் ஏன் சார் இப்படி இருக்கு என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். அவர் மேஜை விளிம்பைத் தடவி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணு தெரிஞ்சவங்களுக்கு ஒரு சாமானைத் திறந்து பார்க்கலாம் சார், நான் எதைப் பார்க்கறது, செஞ்சு கொடுத்த ஆளைத்தான் பார்க்கணும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. லாரிக்காரர் அரை மணி நேரம் கத்தியது எனக்கு உறைத்ததைவிட இது அதிகமாக உறைத்தது. நான் அவர் வீட்டு வராந்தாவுக்கு வந்து செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன். உள்ளே அண்ணனும் தங்கையும் அந்தக் கெட்டிலை முழுக்கக் கழற்றி, மூன்று வயர் போட்டுப் புது பிளக் மாட்டி, சுவரில் எர்த் சரியாக வருகிறதா என்று சோதித்தார்கள், தங்கை அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அவரே டீ போட்டார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன், மகளே, குடிக்காமல் எழுந்து வர எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

முப்பத்தொன்றில் முப்பதைப் பார்த்தாகிவிட்டது. பதினோரு சாமானை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், மிச்சத்தைச் சரி செய்தாகிவிட்டது. ஒரு டோஸ்டர் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டினவர் குடும்பம், வீட்டைக் காலி பண்ணி எங்கோ போய்விட்டார்கள். பழைய விலாசத்திலிருந்து யாரோ ஒரு மைத்துனர் போன் நம்பர் கிடைத்தது, மணி அடிக்கிறது, எடுப்பவர் இல்லை. தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அடிக்கிறேன்.

இப்போது உன் குக்கருக்கு வருகிறேன். நீ வெளிநாட்டுக்குக் கிளம்புகிற வாரத்தில், அந்த ஊரில் பிளக் வேறு மாதிரி இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் கடைவீதி முழுக்க அலைந்து அந்த மாதிரி பிளக் ஒன்று வாங்கிவந்து, குக்கரின் வயரை வெட்டிப் புதுசாகச் சேர்த்துக் கொடுத்தேன். நீ பெட்டியை மூடும்போது நூலைப் பார்த்துவிட்டு, அப்பா கையெழுத்து என்று சொல்லி அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாய். நான் அதை நினைத்து நினைத்து ஆறு வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறேன், அவ்வளவு தூரத்தில் என் பெண் தினமும் சாப்பிடுகிற சோற்றில் என் கையும் இருக்கிறது என்று. அதில் பச்சை வயர் இல்லை, பாப்பா. சின்னவன் இப்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு எட்டுகிறான் என்று போன மாதம் வீடியோவில் காட்டினாய். அவன் கை நேராக அந்தக் குக்கரின் பக்கமாகத்தான் நீண்டது. எல்லாரோடும் நானும் கை தட்டினேன்.

அதனால் சொன்னபடி கேள். அதைத் தூக்கிப் போட மனசு வராது என்று எனக்குத் தெரியும், நீ என் மகள். வயரைச் சாமானோடு ஒட்ட வெட்டிவிட்டுக் குப்பையில் போடு, இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்துப் போய்ப் போட்டுப் பார்ப்பார்கள். நீயே சரி செய்கிறேன் என்று உட்காராதே. போன தடவை ஹேர் டிரையரைக் கழற்றிக் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருந்தாய் என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார், அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது. அங்கே முறையாகப் படித்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு வீடு முழுக்கப் பார்க்கச் சொல். வந்தவர் ஏதாவது குறை சொன்னால், இந்த வேலையை யார் செய்தது என்று கேட்டால், எங்க அப்பா என்று சொல்லிவிடு. அதில் வெட்கப்பட வேண்டியவன் நான், நீ இல்லை. மாப்பிள்ளை முன்கோபக்காரர் இல்லை, ஆனாலும் இந்தக் கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடு, மறைக்காதே.

மற்றபடி இங்கே எல்லாம் சுகம். குளிர்காலம் வருகிறது, சின்னவனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, நீயும் வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பிடாமல் ஓடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, நிறைந்த ஆயுளோடு இருக்கவேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த அன்றே, என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொல்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

மகளுக்கு அம்மா எழுதுவது. கீழே கொஞ்சம் இடம் இருந்ததால் வாங்கிக்கொண்டேன். அப்பா எழுதினது எல்லாவற்றையும் படித்தேன், ஒன்றும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அந்த ஃபியூஸ் அக்கா சொல்லிவிட்டுக் கடையிலிருந்து ஒரு புது ஓவன் வந்திருக்கிறது, நான் இன்னும் பழகவில்லை. நேற்று சமையலறை பல்பு போய்விட்டது. அப்பா புது பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஹோல்டரையே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். ஒரு பல்பு, மெயினையும் அணைத்தாகிவிட்டது, ஆனாலும் அவருக்குக் கை எழவில்லை. நான் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன். வேண்டாம், முழங்கால் என்றார். அப்ப கெட்டியா பிடிச்சுக்கோங்க என்றேன். இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் தலையை நான் இவ்வளவு பக்கத்தில் மேலே இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. உச்சியில் முடியே இல்லை, எனக்குத் தெரியவே தெரியாது. பல்பை மாட்டினதும் அவர் போய் மெயினைப் போட்டார், பல்பு எரிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, சரியா பண்ணிட்டே என்றார். எனக்கு அப்போது முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதங்களுடன்
அம்மா